குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஐஸ் வராமல் போவது: திருச்சி, ஸ்ரீரங்கம் வீடுகளில் பழுது கண்டறியும் முறை

கதவு ஐஸ் வழங்கி என்பது குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமலேயே, கதவின் வெளிப்புறத்தில் உள்ள விசையைத் தம்ளரால் அழுத்தி ஐஸ்கட்டிகளைப் பெற உதவும் அமைப்பாகும். பேச்சு வழக்கில் ஐஸ் டிஸ்பென்சர் எனப்படுகிறது. இரட்டைக் கதவு கொண்ட பெரிய பிரிட்ஜ்களில் இது பரவலாகக் காணப்படுகிறது. இவ்வமைப்பு நின்றுபோனால் பெரும்பாலோர் பிரிட்ஜ் பழுதாகிவிட்டதாகவே எண்ணுகின்றனர். ஆனால் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் போன்ற ஊர்களில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குறைந்த அழுத்த நீர், ஆழ்துளைக் கிணற்று உப்பு, பராமரிப்பு மின்தடை, கோடை வெயில் ஆகிய நான்கும் இந்த இயந்திரத்துக்கு வெளியே இருந்துகொண்டே இதை நிறுத்திவிடக் கூடியவை. இவற்றைப் பாராமல் உதிரிபாகம் மாற்றினால் செலவு மட்டுமே மிஞ்சும், ஐஸ் வராது.

அமைப்பும் இயக்கமும்

ஐஸ் வழங்கியை இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துப் பார்ப்பது பழுது கண்டறிய உதவும். ஒன்று ஐஸ் உண்டாக்குவது, மற்றது உண்டான ஐஸை வெளியே தள்ளுவது. இரண்டுக்கும் தனித்தனிக் கருவிகள் உள்ளன. ஒன்று நன்றாக இருந்து மற்றொன்று மட்டும் கெடுவதே வழக்கம்.

ஐஸ் உண்டாகும் பகுதிக்கு நீர் இரு வழிகளில் வரலாம். வீட்டுக் குழாயுடன் கால் அங்குல பிளாஸ்டிக் குழாய் மூலம் இணைக்கப்பட்ட வகை ஒன்று. பிரிட்ஜின் உள்ளேயே ஒரு சிறு தொட்டி இருந்து, அதைக் கையால் நிரப்பும் வகை மற்றொன்று. குழாய் இணைப்பு வகையில், பிரிட்ஜின் பின்புறம் மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு ஒன்று உண்டு. அது சில விநாடிகள் திறந்து, ஓர் ஈட்டுக்கு 100 மில்லிலிட்டரை ஒட்டிய நீரை ஐஸ் அச்சுத்தட்டில் விடுகிறது. தட்டின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனதும், கட்டிகள் உறைந்துவிட்டன என்று உணரி கணித்துக்கொள்கிறது. பிறகு சில மாதிரிகளில் தட்டு முறுக்கப்பட்டும், வேறு சிலவற்றில் தட்டின் அடியில் உள்ள சூடேற்றி இலேசாகச் சூடாக்கி, சுழலும் விரல்கள் தள்ளியும் கட்டிகள் கீழே உள்ள வாளியில் விழுகின்றன. வாளி நிறைந்ததை ஒரு கம்பிக் கரமோ ஒளி உணரியோ அறிந்து உற்பத்தியை நிறுத்தும்.

வெளியே தள்ளும் பகுதி எளிமையானது. விசை அழுத்தப்பட்டதும் வாளிக்குள் உள்ள திருகுச் சுருளை மோட்டார் சுழற்றுகிறது, கதவின் புழையை மூடியிருக்கும் சிறு மடல் திறக்கிறது, கட்டிகள் தம்ளரில் விழுகின்றன.

முதல் சோதனை: ஓசையும் வாளியும்

கருவி எதுவும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. விசையை அழுத்திக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து வாளியைப் பார்க்க வேண்டும்.

எந்த ஓசையும் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது குழந்தைப் பூட்டு. பலகையில் உள்ள பூட்டுப் பொத்தானை வீட்டில் யாராவது தெரியாமல் அழுத்தியிருப்பார்கள்; மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான மாதிரிகளில் விடுபடும். கதவு முழுமையாக மூடவில்லை என்றாலும் மோட்டார் ஓடாது. இவை இரண்டும் இல்லையெனில், கதவுக் கீலின் வழியே செல்லும் மின்கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கக்கூடும். ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் கதவில் கம்பி மடியும் இடம் அதுவே.

உறுமும் ஓசை மட்டும் வந்து ஐஸ் விழவில்லை என்றால் வாளியில் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன, அல்லது சுருளில் ஒன்று சிக்கியிருக்கிறது. மோட்டார் இயல்பாகச் சுழன்றும் ஒன்றும் விழவில்லை என்றால் வாளி காலியாகவே இருக்கும். அப்போது கோளாறு உற்பத்திப் பகுதியில்.

வாளி காலியாக இருப்பதற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. மார்கழிக் குளிரில் ஐஸ் வேண்டாம் என்று உற்பத்தியை நிறுத்தி, வாளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பட்டாணிப் பொட்டலமோ மாவுப் பாத்திரமோ வைக்கும் வீடுகள் ஏராளம். பங்குனியில் வெயில் ஏறியதும் விசையை அழுத்துவார்கள். உற்பத்திப் பொத்தான் அணைந்தே கிடக்கும். கம்பிக் கரம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தாலும், ஏதேனும் பொட்டலம் அதைத் தடுத்திருந்தாலும், வாளி நிறைந்திருப்பதாக இயந்திரம் நம்பிக்கொண்டிருக்கும். மீண்டும் இயக்கிய பின் வாளி ஓரளவு நிறைய ஒரு நாள் ஆகலாம். அதற்குள் பழுது என்று முடிவு கட்டக்கூடாது.

நீர் அழுத்தம்

குழாய் இணைப்பு வகையில் இப்பகுதி மிக முக்கியமானது. பல நிறுவனங்களின் கையேடுகள் குறைந்தது 20 பிஎஸ்ஐ, சில 30 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும் என்கின்றன. குழாய்ப் பணியாளர்களின் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 1.4 முதல் 2.1 கிலோ. நகராட்சிக் குழாயில் இரவும் பகலும் அழுத்தத்துடன் நீர் வரும் நாடுகளை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட அளவு இது.

திருச்சி மாநகராட்சி காவிரி, கொள்ளிடம் ஆற்றுப் படுகைகளில் அமைந்த நீர்சேகரிப்புக் கிணறுகளிலிருந்து நீரெடுத்து வழங்குகிறது. கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையம் இவற்றுள் நன்கு அறியப்பட்டது. ஆனால் அந்த நீர் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வந்து, வீட்டின் நிலத்தடித் தொட்டியில் சேர்ந்து, மோட்டாரால் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தன் எடையால் மட்டுமே கீழே இறங்குகிறது. ஒரு மீட்டர் உயர நீருக்கு 0.1 கிலோ அழுத்தம் என்பதே கணக்கு. 1.4 கிலோ வேண்டுமானால் தொட்டி நீர்மட்டம் பிரிட்ஜின் வால்வைவிட 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதிகளில் உள்ள பழைய நீள வீடுகளில் தொட்டி நான்கைந்து மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். கிடைப்பது அரை கிலோகூட இல்லை. 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் இராஜகோபுரத்தின் உயரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். அதன் உச்சியில் ஒரு தொட்டி இருந்தால் அடிவாரத்தில் 7 கிலோ அழுத்தம் கிடைக்கும். அந்த வீதிகளில் உள்ள ஒரு மாடி வீட்டுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம். நான்கு மாடிக் குடியிருப்புகளில் இன்னொரு விநோதம் உண்டு. தரைத்தள வீட்டில் ஐஸ் ஓரளவு வரும். அதே நிறுவனத்தின் அதே மாதிரி பிரிட்ஜ் மேல்தளத்தில் வேலை செய்யாது. தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு மூன்று, நான்கு மீட்டர் நீர்மட்டம்தான் வாய்க்கிறது.

அழுத்தம் குறைந்தால் ஐஸ் உடனே நின்றுவிடுவதில்லை. முதலில் கட்டிகள் சிறுத்துப் போகும். பல மாதிரிகளில் வால்வு திறந்திருக்கும் நேரமே நிர்ணயிக்கப்பட்டுள்ளது, நீரின் அளவு அல்ல. ஆகவே மெல்ல வரும் நீர் அச்சுத்தட்டைப் பாதியே நிரப்பும். அடுத்த கட்டம் மோசமானது. இவ்வகை வால்வின் உள்ளே உள்ள ரப்பர்த் தகடு நீரின் அழுத்தத்தின் துணையோடுதான் இறுக மூடுகிறது. அழுத்தம் போதாவிட்டால் முழுமையாக மூடாமல் சொட்டும். சொட்டிய நீர் உறைபெட்டிக்குள் நுழையும் குழாயின் வாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் பயனில்லை. சிறுத்த கட்டிகள் சில வாரம் வந்து, பின்பு அடியோடு நின்றுபோனது என்று ஒரு வீட்டில் சொன்னால், உதிரிபாகப் பட்டியலை எடுப்பதற்கு முன் மாடித் தொட்டியை அண்ணாந்து பார்ப்பது நல்லது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கதவிலேயே குளிர்நீரும் வரும் மாதிரிகளில், 180 மில்லிலிட்டர் தம்ளர் பத்து விநாடிக்குள் நிறைய வேண்டும் என்பது சில கையேடுகள் தரும் அளவுகோல். அதற்கு மேல் வெகுநேரம் எடுத்தால் வடிகட்டி அடைத்திருக்கிறது அல்லது அழுத்தம் போதவில்லை. வடிகட்டியைக் கழற்றி, அதற்கென வரும் மூடியைப் பொருத்தி மீண்டும் அளந்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். இந்தச் சோதனையின்போது உண்டான ஐஸை உண்ணக்கூடாது, கொட்டிவிட வேண்டும்.

அழுத்தமே குறை என்றால் தீர்வு சிறிய பூஸ்டர் பம்பு. ஆர்.ஓ. சுத்திகரிப்பானிலிருந்து இணைப்பு கொடுத்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். சுவரில் மாட்டும் ஆர்.ஓ. கருவியில் சுத்தமான நீர் சொட்டுச் சொட்டாக ஒரு சிறு தொட்டியில் சேர்கிறது. அதன் குழாயில் இருப்பது ஓரிரு அடி நீர்மட்டத்தின் அழுத்தம் மட்டுமே. உள்ளே ஓடும் பம்பு சவ்வைத் தாண்டி நீரைத் தள்ளுவதற்கானது, பிரிட்ஜுக்கு அனுப்புவதற்கானது அல்ல. ஆர்.ஓ. தொட்டிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே, வால்வு திறக்கும்போது தானே ஓடி, மூடியதும் நிற்கும் சிறு பம்பு ஒன்று வைத்தால்தான் அந்த இணைப்பு வேலை செய்யும்.

உள்தொட்டி வகையில் அழுத்தப் பிரச்சினை இல்லை. அங்கே தொட்டி காலியாக இருப்பது, கழுவிய பின் சரியாகப் பொருத்தாமல் விடுவது ஆகிய இரண்டுமே பெரும்பான்மைக் காரணங்கள்.

தண்ணீரின் தன்மை

காவிரித் தண்ணீர் வரும் மாதங்களில் ஒழுங்காக ஓடிய இயந்திரம், கோடையில் ஆழ்துளைக் கிணற்று நீர் கலந்ததும் முரண்டு பிடிப்பதுண்டு. ஆற்றோர மணற்படுகை நீருக்கும், நகரின் பாறைப் பகுதிகளில் ஆழமாகத் துளைத்து எடுக்கும் நீருக்கும் உப்பின் அளவில் பெரிய வேறுபாடு இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் தரம், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. மனிதர் குடிக்கலாம் என்ற மேல் எல்லையை ஒட்டிய நீரும் நுண்ணிய வால்வுக்கு ஒத்துக்கொள்ளாது.

வால்வின் நுழைவாயில் சல்லடையில் வெண்ணிறப் படிவு சேர்வதே இதன் அடையாளம். மின் இணைப்பைத் துண்டித்து, நீர்க்குழாயை மூடி, சல்லடையைக் கழற்றி வினிகரிலோ, எலுமிச்சை உப்பு கரைத்த நீரிலோ அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் படிவு கரையும். குழாய் உடைப்புப் பணிகளுக்குப் பின் முதலில் வரும் நீரில் துருவும் வண்டலும் இருக்கும். அதுவும் இதே சல்லடையில்தான் தங்கும்.

ஐஸ்கட்டியின் நடுவில் வெண்மையாகத் தெரிவது மட்டும் கோளாறு ஆகாது. நீர் வெளிப்புறமிருந்து உள்நோக்கி உறையும்போது, கரைந்திருந்த காற்றும் உப்பும் நடுப்பகுதிக்குத் தள்ளப்படுகின்றன. ஆனால் ஐஸ் கரைந்த பின் தம்ளரின் அடியில் வெண்பொடி தங்கினால் அது கடின நீரின் வேலை. பிரிட்ஜுடன் வரும் கரி வடிகட்டி குளோரின் வாடையையும் மண்ணையும் பிடிக்குமே தவிர, கரைந்த உப்பை நீக்காது. பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வண்டல் மிகுந்த நீரில் அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும்.

இங்கே உடல்நலமும் சேர்ந்திருக்கிறது. உறையவைப்பதால் கிருமிகள் செத்துவிடுவதில்லை. ஐஸ் வரவில்லையே என்று சுத்திகரிப்பானைத் தவிர்த்து, மாடித் தொட்டி நீரை நேராகப் பிரிட்ஜுக்கு இணைப்பது விரைவாகப் பலன் தரும், ஆனால் குழந்தைகள் குடிக்கும் மோரிலும் பழச்சாற்றிலும் கழுவப்படாத தொட்டியின் நீர்தான் மிதக்கும்.

எலியையும் விட்டுவிட முடியாது. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளில் பிரிட்ஜின் பின்னால் ஓடும் பிளாஸ்டிக் குழாயை எலி கடித்துவிடும். தரையில் ஈரமும் வாளியில் வெறுமையும் ஒருசேரத் தெரிந்தால் அங்கே பார்க்க வேண்டும்.

மின்தடையும் ஒட்டிய கட்டிகளும்

தமிழ்நாட்டில் துணைமின் நிலையப் பராமரிப்புக்காக முன்னறிவிப்புடன் பகல் மின்தடை செய்வது வழக்கம். காலையில் போகும் மின்சாரம் மதியம் கடந்து வரும். அந்த நேரத்தில் ஐஸ் முழுவதும் உருகிவிடாது. கட்டிகளின் மேற்பரப்பு மட்டும் கசியும். மின்சாரம் வந்ததும் அக்கசிவு மீண்டும் உறைந்து, வாளி முழுவதும் ஒரே பாறையாகிவிடும். மாலையில் விசையை அழுத்தினால் மோட்டார் உறுமும், சுருள் அசையாது. தொடர்ந்து அழுத்தினால் மோட்டாரின் பற்சக்கரம் உடையும். இரண்டு முறைக்கு மேல் முயலாமல் நிறுத்துவதே சரி.

வாளியைக் கழற்றித் தொட்டியில் கவிழ்த்து, சாதாரண நீர் ஊற்றிக் கட்டியைக் கரைத்து, வாளியையும் சுருளையும் நன்கு துடைத்து உலர்த்திய பின்னரே திரும்பப் பொருத்த வேண்டும். ஈரத்தோடு பொருத்தினால் சுருள் வாளியோடு சேர்ந்து உறையும். மின்தடை அறிவிப்பு வந்த நாளில் காலையிலேயே தேவையான ஐஸை எடுத்துக்கொண்டு வாளியைக் காலி செய்து வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மின்தடையே இல்லாவிட்டாலும், பல நாள் எடுக்கப்படாத ஐஸ் ஒட்டிக்கொள்ளும். பனி படியாத வகைப் பிரிட்ஜில் உலர்ந்த குளிர்காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் கட்டிகள் மெல்லச் சுருங்கி, முனை மழுங்கி, தொடும் இடங்களில் இணைந்துவிடுகின்றன. வாரம் ஒருமுறை வாளியைக் குலுக்கிவிடுவது இதற்குப் போதும்.

வெயிலும் ஈரக்காற்றும்

சித்திரை, வைகாசியில் திருச்சியின் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது புதிதல்ல. பிரிட்ஜ்களுக்குப் பன்னாட்டுத் தட்பவெப்ப வகுப்புகள் உண்டு. வெப்பமண்டல வகுப்பு 43 டிகிரி வரையிலும், அதற்கு முந்தைய வகுப்பு 38 டிகிரி வரையிலும் உள்ள அறைக்கானவை. மேல்தளச் சமையலறையில், அடுப்புக்கு அருகில், சுவரோடு ஒட்டி நிற்கும் பிரிட்ஜ் இந்த எல்லையை எளிதில் தொடும். உறைபெட்டி மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். அது மைனஸ் 8 அளவிலேயே நின்றுவிட்டால் நீர் உறையும். ஆனால் தட்டின் உணரி எதிர்பார்க்கும் குளிர் வராததால் கட்டிகள் தட்டிலேயே கிடக்கும். வாளி காலி, தட்டில் மட்டும் ஐஸ் என்ற நிலை இதைக் காட்டிக்கொடுக்கும். வெப்பமானி இல்லாத வீட்டில் ஐஸ்கிரீமைப் பார்க்கலாம். கரண்டி எளிதாக இறங்கினால் உறைபெட்டி போதிய குளிரில் இல்லை. பின்புறத் தூசியைத் துடைப்பது, சுவரிலிருந்து சற்று நகர்த்துவது, கதவு ரப்பரைச் சோதிப்பது ஆகியவை முதல் படிகள். 230 வோல்ட்டுக்குப் பெரிதும் கீழே இறங்கும் மாலை நேர மின்னழுத்தமும் குளிரைக் குறைக்கும்.

மழைக்காலத்தில் வரும் கோளாறு வேறு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கும் ஸ்ரீரங்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றில் ஈரம் மிகும். புழையின் மடலில் ஒரு சிறு ஐஸ்துண்டு சிக்கி மடல் முழுதாக மூடாமல் போனால், அந்த இடைவெளி வழியே ஈரக்காற்று நுழைந்து புழைச் சுவரில் பனியாகப் படியும். நாளடைவில் வழி குறுகி அடைபடும். விசையின் கீழ் எப்போதும் நீர் சொட்டுவது இதன் முன்னறிகுறி. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைப் புழையில் வைத்துப் பனியைக் கரைத்து, மடலைத் துடைத்தால் தீரும்.

இதற்கெல்லாம் கத்தி, ஸ்குரூ டிரைவர் எதையும் பயன்படுத்தக் கூடாது. இன்றைய பல பிரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன் என்னும் எரியக்கூடிய வாயு குளிரூட்டியாக ஓடுகிறது. கத்தி முனையால் குழாயில் ஒரு துளை விழுந்தால் ஐஸ் வழங்கி மட்டுமல்ல, பிரிட்ஜே போய்விடும். அருகில் அடுப்பு எரிந்தால் தீ விபத்தும் நேரலாம். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் விரியும்.

பழுது நீக்குபவரை அழைக்கும்போது

மேற்கண்ட அனைத்தும் சரியாக இருந்தும் ஐஸ் வரவில்லை என்றால் வால்வின் மின்சுருள், தட்டு மோட்டார், உணரி, மின்பலகை ஆகியவற்றில் ஒன்று கெட்டிருக்கும். இவற்றை அளவுக்கருவி கொண்டு சோதிக்கத் தெரிந்தவரே தொட வேண்டும். அழைக்கும் முன் ஓசை எப்படி, வாளியில் ஐஸ் உண்டா, கட்டிகள் சிறுத்தனவா, தம்ளர் நிறைய எத்தனை விநாடி, கடைசி மின்தடை எப்போது என்பவற்றைக் குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். நீரழுத்தத்தை அளக்காமலேயே ஐஸ் உற்பத்திப் பகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்பது நுகர்வோரின் உரிமை. மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கலாம்.

உத்தரவாத அட்டையையும் படித்துப் பார்க்க வேண்டும். கம்ப்ரசருக்குப் பத்தாண்டு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பிரிட்ஜ்களில் பலவற்றுக்கு ஐஸ் வழங்கி உள்ளிட்ட பிற பாகங்களுக்கு ஓராண்டுதான். உதிரிபாகம், பழுது நீக்கும் விவரங்கள் பற்றிய தகவலுக்காக இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுநீக்க உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராதவற்றை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குக் கொண்டுசெல்லலாம்.

மேல்தள வீடுகளில் பம்பு வைக்க இடமோ விருப்பமோ இல்லாதபோது, நீர் இணைப்பை மூடி, உற்பத்திப் பொத்தானை அணைத்துவிட்டு, ஆர்.ஓ. நீரைச் சாதாரண ஐஸ் தட்டுகளில் ஊற்றி உறையவைக்கும் வழக்கமும் இருக்கிறது. இதனால் பிரிட்ஜின் மற்ற பகுதிகளுக்குக் கேடு எதுவும் இல்லை. ஆனால் நீர் இணைப்பை மூடிவிட்டு உற்பத்தியை மட்டும் ஓடவிடக் கூடாது. நீரில்லாத வால்வு திறந்து திறந்து மூடி ஓசை எழுப்பும், அதன் மின்சுருளும் வீணாகச் சூடாகும்.